திருமலை (திருகோணமலை) வீட்டில் பிஎஸ்4: அறிகுறி பார்த்துக் கோளாறு பிடிக்கும் வழி

சோனியின் விளையாட்டுப் பெட்டியான பிஎஸ்4 பழுதானால் பவர் சப்ளையை மாற்றலாம், மதர்போர்டை மாற்றலாம், பெட்டியையே வேறு வாங்கலாம். வருடக்கணக்காக விளையாடிச் சேர்த்த சேவ்களை (விளையாட்டில் எட்டிய இடத்தின் பதிவுகளை) மட்டும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. "ஃபார்மட் அடிச்சுப் பார்த்தம், சரிவரேல்ல" என்று கடையிலிருந்து திரும்பி வரும் கொன்சோலைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அவற்றில் பல ஒரு வயரை மாற்றியோ, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் திரும்பப் பூட்டியோ சரிப்படுத்தக் கூடியவை. அதனால் இந்த வழிமுறை வெளியிலிருந்து உள்ளே போகிறது: முதலில் கரண்ட், பிறகு வயர், பிறகு தூசியும் உப்பும், அதற்குப் பிறகுதான் ஹார்ட் டிஸ்க். அழிக்கிற வேலை எல்லாவற்றுக்கும் கடைசி.

கை வைப்பதற்கு முன்

பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சியுஎச் என்று தொடங்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 1000, 1100, 1200 என்றால் 2013இல் அறிமுகமான பெரிய பெட்டியின் வரிசை. 2000 வரிசை என்றால் 2016இல் வந்த ஸ்லிம். 7000 வரிசை அதே வருடம் வந்த ப்ரோ. உதிரிப்பாகம் வாங்கும்போது இந்த எண் இல்லாமல் போனால் அலைச்சல்தான். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் கொண்டுவந்து தந்த பெட்டி என்றால் அதே ஸ்டிக்கரில் வோல்டேஜையும் பாருங்கள். எங்கள் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குள் அது அடங்காவிட்டால், தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் பிளக்கில் செருக வேண்டாம்.

கொன்சோல் இன்னும் ஓடுகிறது, ஆனால் தொந்தரவு தருகிறது என்றால் இன்றைக்கே சேவ்களை பென் டிரைவில் எடுத்து வையுங்கள். செட்டிங்ஸில் 'அப்ளிகேஷன் சேவ்ட் டேட்டா மனேஜ்மென்ட்' என்பதற்குள் யுஎஸ்பிக்குக் கொப்பி பண்ணும் வழி இருக்கிறது. இதற்குக் காசு கட்டிய சந்தா தேவையில்லை. பென் டிரைவ் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்ததாக இருக்க வேண்டும். திரும்ப ஏற்றும்போது அதே கணக்கில் நுழைய வேண்டும், ஆகவே கணக்கின் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் ஒரு கொப்பியில் எழுதி இருக்கட்டும். பிஎஸ்5 வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதில் பிஎஸ்4 விளையாட்டுகளின் சேவ்களை மட்டும்தான் இப்படித் தனியாக யுஎஸ்பிக்குக் கொப்பி பண்ணலாம். பிஎஸ்5 விளையாட்டுகளின் சேவ்களைத் தனியாக எடுத்து வைக்கச் சந்தாவோடு வரும் இணையச் சேமிப்புதான் வழி.

விளக்கும் இல்லை, பீப் சத்தமும் இல்லை

முதல் சந்தேகம் மல்டி பிளக் மீது. சதுர முனைப் பிளக், பழைய வட்ட முனைப் பொயின்ட், இரண்டுக்கும் நடுவே ஒரு அடாப்டர் என்று இருக்கும் வீடுகளில் தொடுப்பு தளர்ந்து, உள்ளே பொறி பறந்து கறுத்திருக்கும். எல்லாவற்றையும் விட்டுவிட்டு, சுவர்ப் பொயின்ட்டில் நேராகச் செருகிப் பாருங்கள். அடுத்தது வயர். பெரிய பெட்டிக்கும் ஸ்லிம்முக்கும் 8 வடிவ முனையுள்ள சாதாரண வயர்தான். வீட்டில் இருக்கும் ரேடியோவின் வயரோ பிரிண்டரின் வயரோ பொருந்தும். ப்ரோவின் முதல் மாதிரிகளுக்குக் கொம்பியூட்டரின் மூன்று முனை வயர். மாற்றிப் பார்க்க ஒரு சதமும் செலவில்லை.

அதிலும் அசையாவிட்டால் பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடம் சும்மா விடுங்கள். பவர் சப்ளையின் பாதுகாப்புச் சுற்று பூட்டிக்கொண்டிருந்தால் அது விடுபட இந்த நேரம் போதும். இதற்குப் பிறகும் ஒன்றும் இல்லை என்றால் பவர் சப்ளை போயிருக்க நியாயம் உண்டு. அதை முழுப் பாகமாகவே மாற்றலாம். பவர் சப்ளையையே திறந்து உள்ளே கை வைக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளிருக்கும் கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக் கூடும். இன்னொன்று: சூடான இடத்தைத் தேடி எறும்பும் கரப்பானும் பல்லியும் பவர் சப்ளைக்குள் குடியேறும். கொன்சோல் நின்றுபோன அன்று கருகல் மணம் வந்ததா என்று வீட்டாரிடம் கேளுங்கள்.

நீல விளக்கு துடிக்கிறது, பிறகு தானாக அணைகிறது

நீல விளக்கு துடிப்பது இயல்பு, வெள்ளைக்கு மாறாமல் அணைவதுதான் கோளாறு. பலர் இதைக் கண்டதும் "சிப் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். காரணம் ஹார்ட் டிஸ்க்காக இருக்கலாம், எச்டிஎம்ஐ போர்ட்டாக (ரீவிக்குப் போகும் வயரைச் செருகும் வாய்) இருக்கலாம், பவர் சப்ளையாகவும் இருக்கலாம். ஹார்ட் டிஸ்க்கைச் சோதிப்பது சுலபம், ஆகவே அதில் தொடங்குங்கள். பெரிய பெட்டியில் மேலே பளபளக்கும் மூடியைப் பக்கவாட்டில் தள்ளினால் வரும். ஸ்லிம்மிலும் ப்ரோவிலும் பின்புறம் ஒரு சிறு மூடி இருக்கிறது. முக்கோணம், வட்டம் முதலிய குறிகள் பொறித்த ஒரு திருகாணியைக் கழற்றினால் டிஸ்க் வெளியே வந்துவிடும். தங்க நிறத் தொடுப்புகளை ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடைத்துத் திரும்பப் பூட்டுங்கள். டிஸ்க் இல்லாமலே ஒருமுறை இயக்கியும் பாருங்கள். வெள்ளை விளக்கு வந்து, ஹார்ட் டிஸ்க்கைக் காணவில்லை என்று திரையில் எழுத்து வந்தால் மதர்போர்டு நல்லபடி இருக்கிறது. கோளாறு டிஸ்க்கில்.

டிஸ்க் இல்லாமலும் அணைந்தால் விஷயம் கொஞ்சம் பாரம். பிரதான சிப்பின் அடியில் இருக்கும் ஈயப்பற்று விட்டுப்போவதும் ஒரு காரணம். அப்போது 'ஹீட் அடிச்சுத் தாறம்' என்பார்கள். ஹீட் கன்னால் சூடாக்கினால் சில நாள், சில வாரம் ஓடும், பிறகு அதே நீல விளக்கு. அந்தக் காசைக் கொடுக்காமல் வைத்திருந்து வேறு பெட்டி வாங்கலாம் என்பது என் உறுதியான கருத்து. ஓடும் அந்தச் சில நாளில் சேவ்களை வெளியே எடுக்கலாம், அதற்காக என்றால் மட்டும் செய்யுங்கள்.

வெள்ளை விளக்கு எரிகிறது, ரீவியில் படம் இல்லை

எங்கள் ஊரில் இந்த அறிகுறியைத்தான் அதிகம் கவனித்துப் படிக்க வேண்டும். காரணங்கள் மூன்று, மூன்றுக்கும் வெவ்வேறு வைத்தியம்.

முதலாவது, ரெசலூஷன் (படத்தின் நுணுக்க அளவு) பொருந்தாமை. புதிய ரீவியிலிருந்து பழைய ரீவிக்கோ, கொம்பியூட்டர் மொனிட்டருக்கோ மாற்றினால் வரும். கொன்சோலை அணைத்துவிட்டு, பவர் பட்டனை விடாமல் அழுத்துங்கள். முதல் பீப், ஏறக்குறைய ஏழு விநாடி கழித்து இரண்டாவது பீப். அப்போது விட்டால் சேஃப் மோட் (கோளாறு திருத்துவதற்கான எளிய மெனு) வரும். கொன்ட்ரோலரை யுஎஸ்பி வயரால் இணைத்துத்தான் இதில் வேலை செய்யலாம். இரண்டாவது தெரிவான ரெசலூஷன் மாற்றத்தைத் தெரிவுசெய்தால் அடுத்த முறை குறைந்த ரெசலூஷனில் படம் வரும். சேஃப் மோட்டில் படம் தெரிந்தால் போர்ட் முழுதாகச் செத்துவிடவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது, உப்பு. டச்சு வளைகுடாப் பக்கம், உட்துறைமுக வீதி, உப்புவெளி, நிலாவெளி என்று கடலை ஒட்டி இருக்கும் வீடுகளில் சன்னலைத் திறந்தாலே உப்புக் காற்று நேரே உள்ளே வரும். எச்டிஎம்ஐ போர்ட்டில் 19 தொடுப்புகள் மயிரிழை இடைவெளியில் இருக்கின்றன. அவற்றில் களிம்பு ஏறினால் படம் மின்னி மின்னி வரும், வயரை அசைத்தால் வரும், கையை எடுத்தால் போகும். டோர்ச் அடித்துப் போர்ட்டினுள் வடிவாகப் பாருங்கள். பச்சையோ வெள்ளைப் பூப்போ தெரிந்தால், பிளக்கைக் கழற்றிவிட்டு, அல்ககோலில் தோய்த்த மெல்லிய தூரிகையால் தேய்த்து, நன்றாக உலரவிடுங்கள். ஊசியால் சுரண்ட வேண்டாம். ஒரு தொடுப்பு வளைந்தால் போர்ட்டையே மாற்ற வேண்டி வரும். போர்ட் மாற்றுவது நுண்ணிய ஈயப்பற்று வேலை, கைத்தொலைபேசி திருத்துபவர்களில் மைக்ரோஸ்கோப் வைத்து வேலை செய்பவர் ஒருவரைத் தேடுங்கள்.

மூன்றாவது, இடி. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரங்களில் முழங்கும்போது எல்லோரும் கரண்ட் பிளக்கைக் கழற்றுகிறார்கள், கூரையில் இருந்து வரும் டிஷ் வயரை மறந்துவிடுகிறார்கள். மின்னலின் அதிர்ச்சி அந்த வயரால் இறங்கி, டிஷ் பெட்டி, ரீவி, எச்டிஎம்ஐ வயர் என்று நடந்து கொன்சோலுக்குள் வந்து எச்டிஎம்ஐ சிப்பை எரித்துவிடும். ரீவி தப்பிவிடும், கொன்சோலில் மட்டும் படம் வராது. ஆகவே முழக்கம் கேட்டதும் எச்டிஎம்ஐ வயரையும் லான் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். இடிக்குப் பிறகு படம் போன கொன்சோலில் போர்ட்டை மட்டும் மாற்றினால் சரிவராது. கடைக்காரரிடம் சிப்பையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

எச்டிஎம்ஐ வயரின் உலோக முனையைத் தொடும்போது கையில் மெல்லிய கூச்சம் தெரிகிறதா? எர்த் இல்லாத இரண்டு முனைப் பிளக்கில் கொஞ்சம் கசிவு இருப்பது வழமை. ஆனால் அந்த நிலையில் வயரைச் செருகுவதும் பிடுங்குவதும் போர்ட்டுக்கு நல்லதல்ல. ரீவியையும் கொன்சோலையும் அணைத்து, பிளக்கைக் கழற்றிய பிறகே வயரைத் தொடுங்கள்.

ஃபேன் இரைகிறது, சிவப்பு விளக்கு, பாதியில் அணைகிறது

பிஎஸ்4க்குச் சோனி சொல்லும் அறை வெப்பம் 5 முதல் 35 பாகை வரை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் மத்தியானம் அந்த மேல் எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் கண்ணாடிக் கதவுள்ள ரீவி அலுமாரிக்குள், மேலே லேஸ் துணி போர்த்தி வைத்தால் கொன்சோல் என்ன செய்யும்? பெட்டி பக்கவாட்டு இடுக்குகளால் காற்றை இழுத்துப் பின்னால் தள்ளுகிறது. பின்புறம் ஒரு சாண் இடமாவது வேண்டும். முதலில் வெளியே எடுத்து, மேசையில் வைத்து ஒரு நாள் விளையாடிப் பாருங்கள். இரைச்சல் குறைந்தால் கழற்றவே தேவையில்லை.

குறையாவிட்டால் உள்ளே தூசி. கடற்கரை வீட்டுத் தூசி உப்பும் ஈரமும் சேர்ந்து பசைபோல் ஃபேன் இலைகளிலும் ஹீட் சிங்கிலும் (சிப்பின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) ஒட்டிவிடும், ஊதினால் போகாது. டயர் கடையில் கொம்பிரஸரால் அடித்துவிடுவது இங்கே பலர் செய்யும் வேலை. தயவுசெய்து வேண்டாம். அந்தக் காற்றோடு தண்ணீரும் எண்ணெயும் வரும், அழுத்தமும் அதிகம். நடுவில் துளையுள்ள டி8 அல்லது டி9 நட்சத்திர ஸ்குரூ டிரைவர் வாங்கி, மேல் மூடியைத் திறந்து, ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு தூரிகையால் துடையுங்கள். பெரிய பெட்டியில் பவர் சப்ளையைத் தூக்கினால் ஹீட் சிங் தெரியும். அதன் தகடுகளுக்கு இடையில்தான் பஞ்சுபோல் அடைத்திருக்கும்.

சுத்தம் செய்தும் சூடு அடங்காவிட்டால் சிப்பின் மேல் சூட்டைக் கடத்தப் பூசியிருக்கும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். பழைய பெரிய பெட்டிகளில் இதை எதிர்பார்க்கலாம். பிஎஸ்4இல் கொஞ்சம் கை பழகியவர் மாற்றிவிடலாம். பிஎஸ்5இல் அந்த இடத்தில் திரவ உலோகம் இருக்கிறது, மின்சாரம் கடத்துவது, மதர்போர்டில் ஒரு துளி சிந்தினாலும் பெரிய நாசம். பிஎஸ்5இன் பக்கத் தகடுகளைக் கழற்றி, உள்ளே இருக்கும் தூசி பிடிக்கும் துளைகளை வக்கூமால் உறிஞ்சுவதோடு நிறுத்துங்கள்.

கரண்ட் போய் வந்த பிறகு தொடங்கவில்லை, அல்லது ஆமை வேகம்

2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலம் இருந்தது. அப்படி எழுதிக்கொண்டிருக்கும்போதே நின்ற ஹார்ட் டிஸ்க்குகளில் கோப்புகள் குழம்பிவிடும். 'சரியாக அணைக்கப்படவில்லை' என்று திரையில் வந்து, சேமிப்பைச் சோதிக்கத் தொடங்கினால் குறுக்கிடாமல் முடியவிடுங்கள். மெனு இழுபட்டால், சிஇ-34878-0 என்ற எண்ணோடு விளையாட்டு அடிக்கடி மூடிக்கொண்டால், சேஃப் மோட்டில் ஐந்தாவது தெரிவு: 'ரீபில்ட் டேட்டாபேஸ்'. இது விளையாட்டுகளையோ சேவ்களையோ அழிக்காது, விபரப் பட்டியலை மட்டும் திரும்ப அடுக்கும். சில நிமிடமும் ஆகலாம், சில மணித்தியாலமும் ஆகலாம். கரண்ட் நிலையாக இருக்கும் நேரம் பார்த்துச் செய்யுங்கள்.

ஆறாவதும் ஏழாவதும் 'இனிஷலைஸ்'. இரண்டுமே எல்லாவற்றையும் துடைத்துவிடும். ஏழாவதைத் தொடுவது புதிய டிஸ்க் பூட்டும்போது மட்டும். ஹார்ட் டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டால், சிஇ-34335-8 போல அதைக் காணவில்லை என்று எண் வந்தால் டிஸ்க்கை மாற்றலாம்: 9.5 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் குறைந்த தடிப்புள்ள 2.5 அங்குல சாட்டா டிஸ்க், 160 ஜிபிக்குக் குறையாதது. எஸ்எஸ்டி போட்டால் இன்னும் நல்லது, சூடும் குறையும். முழு மென்பொருள் கோப்பைச் சோனியின் தளத்தில் எடுக்கவேண்டும். சிறிய அப்டேட் கோப்பு இதற்கு வேலை செய்யாது, முழுக் கோப்பு ஒரு ஜிபி அளவில் இருக்கும். பென் டிரைவில் பிஎஸ்4 என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் அப்டேட் என்று இன்னொன்று, இரண்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில். இதில் ஒரு எழுத்துத் தவறினாலும் கோப்பைக் காணவில்லை என்றுதான் சொல்லும்.

ஸ்டெபிலைசர் வாங்கலாமா என்று கேட்பவர்கள் பலர். கொன்சோலுக்குள் இருப்பது சுவிச் மோட் பவர் சப்ளை, வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினால் தாங்கும். அதைக் கெடுப்பது திடீர் நிறுத்தமும், கரண்ட் திரும்ப வரும் கணத்தில் பாயும் அதிக வோல்டேஜும். அந்தக் காசுக்கு, கரண்ட் போனாலும் சிறிது நேரம் பட்டரியில் ஓடவைக்கும் ஒரு யூபிஎஸ் வாங்குங்கள். பெரிய பெட்டி உச்சத்தில் 250 வாட், ஸ்லிம் 165, ப்ரோ 310. யூபிஎஸ் பெட்டியில் விஏ கணக்கைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள், நீங்கள் வாட் கணக்கைப் பாருங்கள், ரீவியையும் சேர்த்துக் கூட்டுங்கள். யூபிஎஸ் இல்லாத வீட்டில் ரெஸ்ட் மோட்டில் (முழுதாக அணையாத உறக்க நிலையில்) விட்டுவிட்டுத் தூங்கப் போக வேண்டாம்.

விளையாட்டு டிஸ்க்கை எடுக்காது, அல்லது தானாகத் துப்புகிறது

சியுஎச்-1000, 1100 பெட்டிகளில் எஜெக்ட் பட்டன் தொடு உணர்வில் வேலை செய்வது. அதற்கு நேர் கீழே இருக்கும் இறப்பர் கால் உப்பி மேலே தள்ளினால், யாரும் தொடாமலே பீப் பீப் என்று டிஸ்க்கை வெளியே தள்ளும். அந்த இறப்பர் காலை மெதுவாக இழுத்துக் கழற்றிவிட்டுப் பாருங்கள். பல நேரங்களில் அதுவே போதும்.

டிஸ்க்கை இழுக்காவிட்டால் உள்ளிருக்கும் இறப்பர் உருளை வழுக்குகிறது, துடைக்க வேண்டும். இழுத்துவிட்டுப் படிக்க முடியவில்லை என்றால் லென்ஸ். அதுவும் சரிவராமல் டிரைவை மாற்ற வேண்டி வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: டிரைவின் பலகை மதர்போர்டோடு சோடி சேர்ந்தது. பழைய பலகையை எறிந்துவிட்டால் வேறெந்த டிரைவும் விளையாட்டு டிஸ்க்கைப் படிக்காது.

கொன்ட்ரோலர்

இணையவில்லை என்றால் வயரை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு வயரில் விளக்கு எரியும், டேட்டா போகாது. பின்புறம் எல்2 பட்டனுக்குப் பக்கத்தில் ஒரு சிறு துளை இருக்கிறது. பேப்பர் கிளிப்பால் ஐந்து விநாடி அழுத்தினால் ரீசெட் ஆகும். பட்டன்கள் தாமாக அழுந்தினால் உள்ளிருக்கும் மெல்லிய பிலிம் வியர்வையிலும் உப்பிலும் கெட்டிருக்கும். விலை குறைந்த பாகம்தான், ஆனால் கொன்ட்ரோலர் பலகையின் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். அனலொக் தடி தானாக ஓடினால் சுத்தம் செய்வது தற்காலிகம், தடியை மாற்றுவதே தீர்வு.

இணையம்

பெரிய பெட்டிக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும். ரௌட்டரில் 5 மட்டும் ஓன் செய்திருந்தால் பெயரே வராது. 4ஜி ரௌட்டரில் நாட் வகை 3 என்று காட்டி நண்பர்களோடு பேச முடியாமல் போனால் கொன்சோலைக் குற்றம் சொல்ல வேண்டாம். பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கும் வலையமைப்பின் தன்மை அது. வேறு நாட்டைக் கொடுத்துத் திறந்த கணக்கில் பரிசு அட்டை ஏறவில்லை என்றால் அட்டையின் நாட்டையும் கணக்கின் நாட்டையும் ஒப்பிடுங்கள். விளையாட்டு டிஸ்க்கின் பிராந்தியமும் கணக்கின் பிராந்தியமும் வேறென்றால் மேலதிகப் பகுதிகள் இறங்கினாலும் வேலை செய்யாது.

தண்ணீர் பட்டுவிட்டது

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் திருமலைக்கு வடக்கே கரையேறியதைப் போன்ற இரவுகள் மாரி காலத்தில் எப்போதும் வரலாம். ஆகவே கார்த்திகை, மார்கழியில் கொன்சோலை நிலத்தோடு ஒட்டி வைக்காதீர்கள். நனைந்தால் 'ஓடுதா பார்ப்பம்' என்று ஒருதரம்கூட இயக்க வேண்டாம். அரிசிக்குள் புதைத்தால் ஈரம் போகலாம், உப்பும் சேறும் பலகையிலேயே இருக்கும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தனியே எடுத்து வையுங்கள். பலகையை அல்ககோலால் கழுவி, முழுதாக உலர்த்திய பிறகே கரண்ட்.

கடைக்குக் கொடுக்கும்போது

எச்டிஎம்ஐ போர்ட், பவர் சப்ளை, ஃபேன், தெர்மல் பேஸ்ட் ஆகிய வேலைகளுக்கு ஹார்ட் டிஸ்க் தேவையே இல்லை. முன்னே சொன்ன ஒற்றைத் திருகாணியைக் கழற்றி, டிஸ்க்கை வீட்டில் வைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் கொடுங்கள். டிஸ்க் இல்லாவிட்டாலும் திரையில் எச்சரிக்கை எழுத்து வரும், படம் வருகிறதா என்று பார்க்க அது போதும். டிஸ்க்கில் உள்ளவை அந்தக் கொன்சோலின் மதர்போர்டுக்கே உரிய பூட்டோடு எழுதப்பட்டவை, அதே மதர்போர்டு திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். மதர்போர்டை மாற்றப் போகிறோம் என்றால் மட்டும் அந்த வழி அடைபட்டுவிடும், அதனால் அப்படி ஒரு வேலை என்றால் முன்கூட்டியே அழைத்துக் கேட்கும்படி பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். உள்ளே கிடக்கும் விளையாட்டு டிஸ்க்கையும் எடுத்துவிடுங்கள், ஸ்டிக்கரில் உள்ள தொடர் இலக்கத்தைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வையுங்கள்.